உவர்க்காற்றில் கிடந்த 20 அங்குலக் கலர் ரீவி: திருத்திய விபரம்

மட்டக்களப்பிலோ, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ பழைய கலர் ரீவி வாங்கப் போகிறவர் கையில் ஓர் ஊசி மீற்றர், 6 வோல்ற் ட்ரான்ஸ்போமர், நாலு கிளிப் வயர் இருந்தால் போதும். செட்டுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கத் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. ட்ரான்சிஸ்டர், ஐசி, பிளைபேக் (உயர் வோல்ற் தரும் ட்ரான்ஸ்போமர்) எதுவானாலும் இன்னும் தேடி எடுக்கலாம். திரையாக நிற்கும் கண்ணாடிப் பிக்சர் ரியூப் போனால் போனதுதான். ஆகவே விலை பேசுவதற்கு முதல் ரியூப்பைச் சோதியுங்கள்.

சோதிக்கும் முறை இது. ரியூப்பின் கழுத்திலிருக்கும் சிறு போட்டை (சர்க்கிட் பலகையை) நேராகப் பின்பக்கம் இழுத்துக் கழற்றுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் கழுத்து உடையும். பின்களின் நடுவில் கண்ணாடி முனை உடைந்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த ரியூப் சரிவராது. முனை நன்றாக இருந்தால் ஹீற்றர் (கதோட்டுகளைச் சூடாக்கும் இழை) பின் இரண்டிலும் மீற்றரை வையுங்கள், குளிர்ந்த நிலையில் ஓரிரண்டு ஓம் காட்டும். பிறகு 6 வோல்ற் ஏசி கொடுத்து மூன்று நிமிடம் விடுங்கள். கழுத்துக்குள் மூன்று செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். மீற்றரை கிலோ ஓம் நிலைக்கு மாற்றி, கறுப்பு வயரை ஜி1 (முதல் கிறிட்) பின்னிலும், சிவப்பு வயரைச் சிவப்பு, பச்சை, நீலக் கதோட்டுகளில் (எலெக்ட்ரோன் விடும் முனைகளில்) ஒவ்வொன்றாகவும் வையுங்கள். ஊசி மீற்றரில் ஓம் அளக்கும்போது கறுப்பு வயரில்தான் பிளஸ் வரும், டிஜிற்றல் மீற்றரில் நேர்மாறு. டிஜிற்றல் மீற்றர் இந்த வேலைக்குச் சரியாக உதவுவதுமில்லை. 1 முதல் 5 கிலோ ஓம் என்றால் ரியூப் நல்லது. 10 வரை ஓடும். 20ஐத் தாண்டினால் படம் மங்கலாகவே வரும், சூடேறப் பத்து நிமிடம் எடுக்கும். எந்தப் பின் எது என்பது கழுத்துப் போட்டிலேயே அச்சிட்டிருக்கும். பின்களில் நேராகக் கிளிப் மாட்டுவதைவிட, கழிவுப் போட்டிலிருந்து ஒரு சொக்கெற்றைக் கழற்றி வயர் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே விபரிக்கப்படும் செட் மட்டக்களப்பு நாவற்குடாவில் கடலுக்குக் கிட்டவுள்ள வீடொன்றில் பல வருடம் மூலையில் கிடந்தது. ஜப்பானில் செய்தது, 20 அங்குலம், மரப்பெட்டி, எட்டுச் சானல் பட்டன், 80களின் நடுப்பகுதி. சிவப்பு 6, பச்சை 3, நீலம் 3.5 கிலோ ஓம் காட்டியது. சிவப்பு கொஞ்சம் களைத்திருக்கிறது, ஆனால் எடுக்கலாம். உள்ளே எஸ்ரிஆர்50103ஏ பவர் ஐசி, நிறத்துக்கும் படத்தை நிலையாக நிறுத்தும் சிங்குக்கும் சேர்த்து ரிஏ7698ஏபி, கதிரை மேல்கீழாக ஓட்டும் வேர்ட்டிக்கலுக்கு எல்ஏ7830. மூன்றுமே அந்தக் காலத்து ஆசியச் செட்டுகளில் அடிக்கடி காணப்படுபவை, பாகம் தேடுவதில் அவ்வளவு சிரமமில்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். அதற்கு முதல் ஊரிலுள்ள பழைய ரிப்பேர் கடைகளின் மேற்தட்டைக் கிளறிப் பாருங்கள். அங்கே கிடக்கும் பழைய போட்டில் அசல் ஐசி இருக்கும், புதிதென்று விற்பதில் பாதி போலி.

பழைய இரும்பு எடுப்பவர்களின் கைக்கு ஒருமுறை போன செட்டை மட்டும் பார்க்க வேண்டாம். செம்புக்காக யோக்கையும் (கதிரைத் திருப்பும் கொயில்) டிகோஸ் கொயிலையும் (ரியூப்பில் ஏறிய காந்தத்தை நீக்குவது) வெட்டியிருப்பார்கள், கழுத்தும் உடைந்திருக்கும்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய பிறகு இந்தக் கரைக்குக் குவைத், சவூதி, டுபாய்ப் பயணக்காரரோடு நிறையச் செட் வந்தது. அப்படி வந்தவற்றின் பின்பக்கம் 110/220 சுவிச் உண்டா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் சவூதியில் பல இடங்களில் 110, 127 வோல்ற்தான் இருந்தது. சுவிச் 110இல் இருந்தால் உள்ளே வோல்ற்றேஜ் இரட்டிக்கும் அமைப்பில் இரண்டு கப்பாசிற்றர் ஒன்றன் மேலொன்றாக நிற்கும். அதற்கு 230ஐக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 325 வோல்ற் ஏறும். அவை பெரும்பாலும் 200 வோல்ற் தாங்குபவை, அந்த நொடியே வெடிக்கும். சுவிச்சை 220க்குத் தள்ளி, அது திரும்பத் தவறிக்கூட மாறாதபடி தகடு வைத்து மூடிவிடுங்கள்.

காய வைத்தல்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த செட்டை வயது கெடுப்பதைவிட உப்புத்தான் அதிகம் கெடுக்கிறது. தூசி மட்டும் படிந்தால் அது சும்மா தூசி. உப்பு கலந்த தூசி மாரிக் காலத்து ஈரத்தை இழுத்து வைத்து, 100 வோல்ற்றும் 12 வோல்ற்றும் அருகருகே போகும் தடங்களுக்கு நடுவில் கரண்ட் போக வழி அமைத்துக் கொடுக்கும். அந்த நிலையில் சுவிச்சைப் போட்டால் போட் கருகும், கருகிய போட் பிறகு எப்போதும் கசியும். இந்த வேலைக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களே உகந்தவை. மார்கழியில் வந்த செட்டை ஆறேழு மாதம் மூடி வைத்துக் காத்திருப்பதில் நட்டமில்லை.

போட்டில் கை வைப்பதற்கு முதல் ரியூப்பின் அனோட்டை, அதாவது உயர் வோல்ற் நுழையும் இடத்தை, சோர்ட் பண்ணுங்கள். தட்டை ஸ்குரூ டிரைவரின் இரும்பில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை ரியூப்பின் கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் பின்னல் வயரில் மாட்டி, ரப்பர்த் தொப்பிக்கடியில் நுழையுங்கள். போட்டின் ஏர்த்தில் மாட்டினால் அந்த அடி ஐசி வழியாகப் போய்விடும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை செய்யுங்கள், கண்ணாடி தன்னிடம் மிச்சமிருந்ததைத் திரும்ப விடும். பெரிய கப்பாசிற்றரில் 325 வோல்ற் நிற்கலாம், அதை 1 கிலோ ஓம் 10 வாற் ரெசிஸ்டரால் இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரால் இறக்கினால் தடம் பறக்கும்.

போட்டை வெளியே எடுத்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, மிச்சமிருப்பதை ஐசோப்ரோப்பைல் அல்ககோலில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். போன் திருத்தும் கடைகளில் அது கிடைக்கும். மருந்துக் கடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை இதற்குப் பாவிக்க வேண்டாம், சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். நன்றாக அழுக்கேறிய போட்டைத் தண்ணீரில் கழுவுபவர்களும் உண்டு. கழுவலாம், ஆனால் பிளைபேக், ட்ரைவர் ட்ரான்ஸ்போமர், ட்யூனர், ஸ்பீக்கர் ஆகியவற்றைக் கழற்றிய பிறகு. பிளைபேக்குக்குள் ஈரம் போனால் காயும் என்று நம்புவது வீண்.

நாவற்குடாச் செட்டில் ட்யூனரின் தகரப் பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டி உடைக்கக் கூடாது. மூலையில் ஸ்பிரிட் துளி விட்டு ஊற வைத்து, மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். அதற்குள் சுற்றியிருக்கும் கொயில் வளையங்கள் நெருங்கினாலும் விலகினாலும் சானல் இடம் மாறும். காய்ந்த போட்டை வெயிலில் நேராக வைக்காமல், தகரக் கூரைக்கடியில் காற்றோட்டமாக மூன்று நாள் வைத்தால் போதும்.

கரண்டுக்கு முதல்

எக்ஸ் கப்பாசிற்றர் என்று சுவிச்சுக்கு அருகில் நிற்கும் 0.1 மைக்ரோபரட் 275 வோல்ற் துண்டு வெடித்துக் கோடு விழுந்திருந்தது. அதே மதிப்பில், எக்ஸ்2 என்று எழுதியதை மட்டும் போடுங்கள். பெரிய 220 மைக்ரோபரட் 400 வோல்ற் கப்பாசிற்றர் மேலே உப்பியிருந்தது. 103 வோல்ற் வழியின் 100 மைக்ரோபரட் 160 வோல்ற் கப்பாசிற்றரின் ஈஎஸ்ஆர் (உள் தடை) 9 ஓம் காட்டியது, நல்லதில் ஒரு ஓமுக்குள் நிற்கும். மூன்றும் மாற்றப்பட்டன. எல்லா எலெக்ட்ரோலிற்றிக்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது இப்போது பெருகிவிட்ட பழக்கம். அது வேண்டாம். ஹீற்சிங்குக்கு அருகில் நிற்பவை, 100 வோல்ற்றுக்கு மேல் தாங்குபவை, வேர்ட்டிக்கல் பகுதியில் இருப்பவை, இவற்றைப் பாருங்கள். ஆடியோ பக்கத்து 1 மைக்ரோபரட் ஒன்று நாற்பது வருடம் கழித்தும் நன்றாகவே நிற்கும், அதைக் கழற்றும்போதுதான் தடம் உரிந்து வரும்.

டிகோஸ் கொயிலுக்கு முன்னால் நிற்கும் கறுப்புப் பெட்டியைப் பொசிஸ்டர் என்பார்கள். காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே கலகலத்தால் தகடு உடைந்திருக்கிறது. பியூஸை ஊத விட்டே அது தன்னைக் காட்டிக்கொள்ளும். பியூஸ் 3.15 அம்பியர், மெதுவாக எரியும் வகை. கொயிலின் பிளக்கை இப்போது கழற்றி வையுங்கள், பல்ப்பின் வழியே ஓட்டும்போது அது இழுக்கும் கரண்ட் உங்கள் கணக்கைக் குழப்பும்.

அடுத்தது சோல்டர். பிளைபேக்கின் கால்கள், கதிரைக் கிடையாக ஓட்டும் லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டர், ட்ரைவர் ட்ரான்ஸ்போமர், வேர்ட்டிக்கல் ஐசி, கழுத்துப் போட்டின் பின்கள், இவையெல்லாம் சூடேறி ஆறி ஆடுவதால் காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் விழும். கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தெரியும். இந்தச் செட்டின் ட்ரைவர் ட்ரான்ஸ்போமரில் நாலு காலில் இரண்டுக்கு வளையம் இருந்தது. பழைய ஈயத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். மேலே மட்டும் பூசினால் அதே இடத்தில் அதே வளையம் திரும்பி வரும்.

பல்ப்பின் வழியே

முதல் கரண்ட் செட்டோடு தொடராக மாட்டிய 100 வாற் குண்டு பல்ப்பின் வழியேதான் போக வேண்டும். எல்இடியும் சிஎஃப்எல்லும் இதற்கு உதவாது. எஸ்ரிஆர்50103ஏ உள்ள செட்டில் சேஸி (போட்டின் ஏர்த்) நேராக மெயினோடு ஒட்டி நிற்கிறது, அதைத் தொடுவது பிளக்கைத் தொடுவதற்குச் சமம். 230க்கு 230 ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. ஒசிலஸ்கோப்பின் ஏர்த் கிளிப்பை மாட்டிய கணத்தில் பியூஸும் ஸ்கோப்பும் சேர்ந்து போவது இதனால்தான்.

லைன் ட்ரான்சிஸ்டரின் கலெக்டரைப் பிரித்து வைத்துவிட்டு, 103 வோல்ற் இடத்துக்கும் சேஸிக்கும் நடுவில் 60 வாற் பல்ப் ஒன்றைச் சுமையாக மாட்டுங்கள். இந்த ஐசியின் எண்ணிலேயே அதன் வெளியீடு இருக்கிறது: 50103 என்றால் 103 வோல்ற், 50115 என்றால் 115. கையில் கிடைத்தது 115 என்பதற்காக அதைப் போட்டுவிடாதீர்கள். 12 வோல்ற் கூடினால் பிளைபேக்கின் ஈஎச்ரியும் (ரியூப்புக்குப் போகும் உயர் வோல்ற்) அதே விகிதத்தில் ஏறும், சில மாதத்துக்குள் லைன் ட்ரான்சிஸ்டர் சோர்ட் ஆகும், பழி ட்ரான்சிஸ்டரின் மேல் விழும்.

சுமைப் பல்ப் ஏன் வேண்டும்? இந்த ஐசி உள்ளே சோர்ட் ஆனால் 300 வோல்ற் நேராக வெளியே வரும். அது பல்ப்பில் வந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். லைன் பகுதியில் வந்தால் ட்ரான்சிஸ்டர், பிளைபேக், சில வேளை ரியூப்பும் சேர்ந்து போகும். 103 வழியில் பாதுகாப்பு டயோட் ஒன்று நிற்கும், வோல்ற் எகிறும்போது தானே சோர்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு "இப்ப ஓடுது" என்று கொடுத்த செட்டுகள் ஊரில் நிறைய உண்டு. வாங்கிய செட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள்.

இங்கே 103.4 வந்தது. பல்ப் மங்கலாக நின்று எரிந்தது. லைனை இணைக்கலாம்.

லைன் ட்ரான்சிஸ்டர் 2எஸ்டி1427. இந்த வகைக்குள்ளேயே டாம்பர் டயோட்டும் பேஸ் ரெசிஸ்டரும் இருக்கும். பேஸுக்கும் எமிற்றருக்கும் நடுவில் 40, 50 ஓம் காட்டினால் சோர்ட் என்று தூக்கிப் போட வேண்டாம், அது இயல்பு. மாற்ற வேண்டி வந்தால் 2எஸ்டி1555 சரிவரும். பியூ508ஏயில் டயோட் இல்லை, அதை அப்படியே போட்டால் ஓடாது. கலெக்டரில் நிற்கும் 1.6 கிலோவோல்ற், 2 கிலோவோல்ற் என்று எழுதிய கப்பாசிற்றரைக் கழற்றி அளந்து பாருங்கள். அதன் பெறுமதி குறைந்தாலோ கால் விட்டாலோ ஈஎச்ரி எகிறும். அதில் எழுதியுள்ள பிகோபரட்டை ஒரு பத்துக்கூட மாற்றக் கூடாது, பொலிப்ரோப்பிலீன் அல்லாத எதையும் போடக் கூடாது.

லைனை இணைத்த பிறகும் அது எழவில்லை, ஆனால் 103 நிற்கிறதென்றால், ரிஏ7698ஏபிக்குத் தொடக்க வோல்ற் கொண்டுபோகும் ரெசிஸ்டரைப் பாருங்கள். வெளியே நிறம் மாறாமலே உள்ளே திறந்துபோகும்.

ஒற்றைக் கோடும் அதன் பிறகும்

ஈஎச்ரி எழுந்தது. திரையில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும். இந்தக் கட்டத்தில் பிரைற்னஸை உடனே இறக்க வேண்டும், சில நிமிடத்தில் பொஸ்பரில் அந்தக் கோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும். எல்ஏ7830க்கு 24 வோல்ற் வரவில்லை. பிளைபேக்கிலிருந்து வரும் வழியில் நிற்கும் பியூசிபிள் ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தது. அது தானாகப் போவதில்லை, ஐசி சோர்ட். இரண்டும் சேர்த்தே மாற்றப்பட்டன. பியூசிபிள் இருந்த இடத்தில் சாதாரண ரெசிஸ்டரைப் போட்டால் அடுத்த முறை ரெசிஸ்டர் எரிவதற்குப் பதிலாகப் பிளைபேக் எரியும். ஐசிக்கடியில் புதிய ஹீற்சிங் பசை, மெல்லியதாக.

படம் விரிந்தது, ஆனால் மேல் ஓரத்தில் இரண்டு அங்குலம் மடிந்து வெள்ளைக் கோடுகளாக நின்றது. ஐசி பழுதென்று திரும்ப மாற்றுபவர்கள் இங்கேதான் காசை விடுகிறார்கள். ஒவ்வொரு பீல்டின் (படத்தின் ஒரு பாதியின்) முடிவிலும் ஒளிக்கதிரைச் சடுதியாக மேலே கொண்டுபோக ஐசி தன் 24 வோல்ற்றை இரட்டிப்பாக்குகிறது. அந்த வேலையைச் செய்வது 100 மைக்ரோபரட் 35 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்று. அது காய்ந்தால் கதிர் தாமதிக்கும், அதற்குள் அடுத்த படத்தின் முதல் கோடுகள் எழுதப்பட்டுவிடும், மடிப்பாகத் தெரியும். 105 பாகையில் ஓடக்கூடியதைப் போட்டதும் மடிப்புப் போயிற்று. யோக்குக்குப் போகும் 1000 மைக்ரோபரட் 35 வோல்ற்றையும் கூடவே மாற்றினால் கீழே சுருங்குவதும் வராது.

அடுத்தது, பொருள்களின் வலப்பக்கம் நிழல் இழுபடுதல். எழுத்துகள் வலது பக்கம் ஒழுகின. பிளைபேக்கிலிருந்து 180 வோல்ற் எடுத்து மூன்று நிற ட்ரான்சிஸ்டருக்கும் கொடுக்கும் வழியில் 10 மைக்ரோபரட் 250 வோல்ற் நிற்கிறது, அது காய்ந்தால் வருவது இது. ரியூப் களைத்தது என்று இதைப் பார்த்து முடிவெடுத்துச் செட்டைக் கழித்தவர்கள் உண்டு. முதல் செய்த மீற்றர்ச் சோதனை கையில் இருந்தால் அந்தத் தவறு நடக்காது.

மங்கல் படமும் சொக்கெற்றும்

இந்தக் கரையில் பழைய செட் ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்க வேண்டிய குறை இது. சுவிச் போட்டதும் படம் பனிக்கூட்டம் மாதிரி மங்கல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே தெளியும். மழைக்காலத்தில் அரைமணி எடுக்கும். பிளைபேக்கின் பின்பக்கத்து போக்கஸ் திருகைத் திருப்பினால் சற்றுத் தெளியும், சூடேறியதும் திரும்ப மங்கும். பிளைபேக்கை மாற்றச் சொல்வார்கள், ரியூப்பை மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமல்ல.

கழுத்துச் சொக்கெற்றில் போக்கஸ் பின் மட்டும் தனியாக, அகலமான பிளாஸ்ரிக் அறைக்குள் நிற்கும். அந்த அறைக்குள் இரண்டு சிறு உலோக முனைகள் எதிரெதிராக இடைவெளி விட்டு நிற்கும், ரியூப்புக்குள் பொறி அடித்தால் அது போட்டுக்குப் போகாமல் இங்கேயே ஏர்த்துக்கு இறங்குவதற்காக. மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தபோது இந்தச் செட்டில் அந்த முனைகளைச் சுற்றிப் பச்சைத் தூள், பிளாஸ்ரிக்கில் கறுப்புக் கோடு. உப்புக்காற்று செம்பைத் தின்ற மிச்சம் அது. போக்கஸுக்கு வருவது 5, 6 ஆயிரம் வோல்ற், ஆனால் அது மெகா ஓம் கணக்கான ரெசிஸ்டரின் வழியே வருகிறது. ஆகவே சில மைக்ரோ அம்பியர் கசிந்தாலே வோல்ற் ஆயிரக்கணக்கில் விழும். சூடேறியதும் ஈரம் போகிறது, கசிவு குறைகிறது, படம் தெளிகிறது.

தூளைச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைத்தால் ஒரு மாரி வரை ஓடும். சரியான வேலை சொக்கெற்றை மாற்றுவது. கழுத்தின் விட்டம் 29.1 மில்லிமீற்றரா 22.5ஆ என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் பின் வட்டம் வேறு. பின் எண்ணிக்கையும் போக்கஸ் பின்னின் இடமும் பொருந்த வேண்டும். மாற்றும்போது போட்டிலிருந்து பின்னல் வயருக்குப் போகும் ஏர்த் வயரையும் தவறாமல் ஒட்டுங்கள். அது விட்டுப்போனால் பொறி ஒன்று அடிக்கும்போது ரிஏ7698ஏபி போகும்.

பின்னல் வயரும் இங்கே துருப்பிடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்து கறுப்புப் பூச்சைத் தொடாமல் நின்றால் சிட்சிட்டென்ற சத்தம் வரும். அனோட் ரப்பர்த் தொப்பிக்கடியில் உப்புப் படிந்திருந்தால் மாரியில் இரவு விளக்கை அணைத்துப் பாருங்கள், நீல ஒளி தெரியும், ஓசோன் மணக்கும். தொப்பியையும் கண்ணாடியையும் கழுவிக் காய வைத்து சிலிக்கோன் கிரீஸ் மெல்லப் பூசினால் தீரும்.

நிறம்

நிறம் வந்து வந்து போனது, வரும்போது கிடையாக வர்ணப் பட்டைகள் ஓடின. 4.43 மெகாஹேட்ஸ் கிறிஸ்ரலின் அருகே நிற்கும் சிறு ட்ரிம்மரின் திருகு பச்சையாகியிருந்தது. ட்ரிம்மரை மாற்றி, பட்டை மெதுவாகி நிற்கும் இடத்தில் விட்டால் நிறம் பூட்டிக்கொள்ளும். இலங்கையில் பால் (PAL) என்ற வர்ண முறை. வளைகுடாச் செட்டின் முன்பக்கத்து சிஸ்ரம் சுவிச் சீகாமிலோ என்ரிஎஸ்சியிலோ நின்றால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், ஒரு திருப்பில் தீரும் குறைக்குப் போட்டைக் கழற்ற வேண்டாம்.

அடுத்தடுத்த கோடுகளில் நிறம் கொஞ்சம் கூடியும் குறைந்தும் தோன்றி, ஒரு முகத்தின் மேல் மெல்லிய கிடைக்கோடுகளாகத் தெரிந்தால் டிலே லைனின் சீரமைப்புக் குலைந்திருக்கிறது. கண்ணாடித் துண்டுக்குள் ஒரு கோட்டின் நிறத்தை ஏறக்குறைய 64 மைக்ரோ செக்கன் வைத்திருந்து அடுத்ததோடு கூட்டுவது அதன் வேலை. சரியான அளவு 63.943, அதில் 4.43 மெகாஹேட்ஸின் 283.5 அலைகள் அடங்கும். அருகிலுள்ள கொயிலும் சிறு திருகும் இரண்டே. ஒன்று அலையின் கட்டம் (phase), மற்றது அளவு. வர்ணப் பட்டை சிக்னல் போட்டுக் கோடுகள் மறையும்வரை இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும்.

மூலைகளில் நிறம் கறையாக நின்றால், கழற்றி வைத்த பிளக்கைத் திரும்ப மாட்டி, முதலில் டிகோஸ். பொசிஸ்டர் மாற்றிய பிறகும் வலது மேல் மூலையில் பச்சைத் தடம் மிஞ்சியது. இதற்கு ஒரு காரணம் நம் இடமே. ரியூப்பைச் செய்பவர்கள் பூமியின் காந்தப் புலத்தைக் கணக்கில் வைத்தே கதிர் இறங்கும் இடத்தைச் சீரமைக்கிறார்கள். வடக்கே அந்தப் புலம் சாய்வாக நிலத்துக்குள் இறங்குகிறது. காந்த மத்தியகோடு இலங்கைக்குக் கிட்டவே போகிறபடியால் இங்கே அது ஏறக்குறைய கிடையாகவே ஓடுகிறது. வடக்கு நாடுகளுக்கென்று சீர்செய்த செட் இங்கே சற்று விலகி நிற்பது வியப்பில்லை. பச்சையையும் நீலத்தையும் அணைத்துத் திரையைச் சிவப்பாக்கி, யோக்கின் கிளாம்பைத் தளர்த்திப் பின்னே இழுத்து, இருமுனைக் காந்த வளையங்களைத் திருப்பிச் சிவப்புப் பந்தை நடுவுக்குக் கொண்டுவந்து, யோக்கை முன்னே தள்ளி முழுத் திரையும் ஒரே சிவப்பாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு நாலுமுனை வளையத்தால் சிவப்பும் நீலமும் ஒன்று சேர வேண்டும், ஆறுமுனை வளையத்தால் அந்த ஜோடி பச்சையின் மேல் உட்கார வேண்டும். ஓரங்களை யோக்கைச் சாய்த்துச் சரிசெய்து ரப்பர் ஆப்பு வைத்து ஒட்டுங்கள். வளையங்களைத் தொடுவதற்கு முதல் பழைய நிலையைக் கறுப்புப் பேனாவால் கோடிட்டு வையுங்கள்.

சிவப்பு களைத்திருந்தது அல்லவா, அதற்கு ரியூப்பை "எழுப்பும்" மெஷினைத் தேட வேண்டாம். 6 கிலோ ஓம் நிலையில் அது தேவையற்ற சூதாட்டம். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி, பிளைபேக்கின் ஸ்கிரீன் திருகைக் குறைத்து, இருளில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் தோன்றும்படி பயஸ் திருகுகளை வையுங்கள். பிறகு வெளிச்சமான இடத்தில் பச்சை, நீல ட்ரைவ்களைச் சிவப்பின் அளவுக்கு இறக்குங்கள். மொத்த வெளிச்சம் சற்றுக் குறையும், தோலின் நிறம் சரியாக நிற்கும்.

சானலும் சிக்னலும்

பட்டன் செட்டில் சானல் தானாக நழுவினால் 33 வோல்ற்றைப் பாருங்கள். யூபிசி574 என்ற இரண்டு கால் ஐசி அதை நிறுத்தி வைக்கிறது. அது 33இலேயே நின்றால் பட்டன்களுக்குப் பின்னால் நிற்கும் சிறு திருகுகளின் தடம் அழுக்கேறியிருக்கிறது. கொன்ராக்ற் கிளீனர் ஒரு துளி, பத்துத் தரம் இருபுறமும் திருப்பு.

இந்தச் செட்டில் ஏவி சொக்கெற் இல்லை, வைக்கவும் கூடாது. சேஸி மெயினில் நிற்கிறபடியால் டிஷ் பெட்டியின் ஏவி வயரை இணைத்தால் பெட்டியின் தகரமும் அதே மெயினில் நிற்கும். ஆர்எஃப் மொடுலேற்றர் (ஏவியை அன்ரெனா சிக்னலாக மாற்றும் பெட்டி) வைத்து அன்ரெனா வழியாகவே கொடுங்கள். படம் நன்றாக வந்து சத்தத்தில் வெறும் இரைச்சல் என்றால் மொடுலேற்றர் பிரித்தானியாவுக்குச் செய்தது. அங்கே சத்தம் 6.0 மெகாஹேட்ஸில், இங்கே 5.5இல். பி/ஜி (இங்குள்ள முறை) என்று மாற்றும் சுவிச் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் வேறு வாங்குங்கள்.

மரப்பெட்டியின் அடிப்பலகை ஊதியிருந்தது. ஊதிய துகள்பலகையைத் திரும்ப அமுக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பிளைவூட் போட்டு, மேலே பழைய உறையையே மரப்பசையால் ஒட்டினோம். முன்பக்கத்து எழுத்துகளை ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் மட்டும். சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்து, மாரி மாதங்களில் வாரத்தில் இரு முறையாவது அரைமணி ஓட விடுங்கள்.

பின்மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது: பி பிளஸ் (பிரதான வோல்ற்) 103.4, வீடியோ 180, வேர்ட்டிக்கல் 24, ட்யூனர் 33. ரியூப் 6, 3, 3.5 கிலோ ஓம். மாற்றியவை எக்ஸ்2, 220/400, 100/160, எல்ஏ7830, பியூசிபிள், 100/35, 1000/35, 10/250, கழுத்துச் சொக்கெற், ட்ரிம்மர், பொசிஸ்டர். கீழே பெரிய எழுத்தில்: சேஸி மெயினில், தொடாதே.